ஆடிக்கு முன் வந்த குட்டி

ஜூலை 16, புதன்

அப்பா டூட்டி முடிந்து வரும்போது காக்கிச் சட்டைக்குள் எதையோ வைத்து அணைத்துக்கொண்டு வந்தார். டிக்கெட் பையைத்தான் மழைக்குப் பயந்து உள்ளே வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு அது முனகியது.

நாய்க்குட்டி வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்தான். வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணமாகிப் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று அப்பாவே இறங்கி வந்தார். கரட்டுப்புதூரில் பால் சொசைட்டி நடத்தும் தேவகி அக்காவிடம் ஒரு குட்டிக்குச் சொல்லிவைத்தார். அப்பா கண்டக்டராகப் போகும் டவுன் பஸ் அந்த ஊரில்தான் திரும்பும். ஆனால் ஆகஸ்டில்தான் எடுக்க வேண்டும் என்று நான் தெளிவாகச் சொல்லியிருந்தேன். கிளை நூலகத்தில் இருக்கும் நாய் வளர்ப்புப் புத்தகத்தை இரண்டு முறை எடுத்துப் படித்துவிட்டேன். எட்டு வாரம் ஆகும்வரை குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. இதற்கு ஒரு மாதம்தான் ஆகிறது.

"இன்னும் நாலு வாரம் இருக்குதுங்கப்பா."

"நாளைக்கு ஆடி பொறக்குது கண்ணு. ஆடில புதுசா எதையும் ஊட்டுக்குக் கொண்டாரக் கூடாது. ஆவணி வரைக்கும் உட்டுவெச்சா வேற எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான்."

"புஸ்தகத்துல என்ன போட்டிருக்குதுன்னா..."

"புஸ்தகம் எழுதுனவனுக்கு ஆடி தெரியுமா?"

அம்மா கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள். தினமும் இருபது வீட்டுக்கு இட்லி மாவு ஆட்டிக் கொடுக்கிறாள். குட்டியைத் திரும்பிப் பார்த்து, "இது வேறயா" என்று மட்டும் சொன்னாள்.

குட்டி பழுப்பு நிறம். மூக்கின் மேல் வெள்ளைக் கோடு. நிற்கும்போது பின்னங்கால்கள் நடுங்குகின்றன. என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். அதுவும் ஆவணியில்தானாம்.

ஜூலை 17, வியாழன்

ஆடி நோம்பி. பள்ளிக்கு லீவு போட்டேன். எங்கள் பக்கத்தில் புதிதாகக் கல்யாணமானவர்களை இன்று அழைத்து விருந்து வைப்பார்கள். விருந்து முடிந்ததும் மாப்பிள்ளை கிளம்பிவிடுவார். பெண் மட்டும் ஆடி முழுக்கத் தாய் வீட்டில் இருப்பாள்.

அக்காவும் மச்சானும் பைக்கில் வந்தார்கள். மச்சான் மிகவும் மரியாதையானவர். அப்பாவிடம் ஒரு சொல்கூட 'ங்க' போடாமல் பேசமாட்டார். அவர் சாப்பிடும்போது, தண்ணீர் கேட்பதற்கு முன்பே அக்கா செம்போடு பக்கத்தில் நின்றாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த வீட்டில் இருந்தபோது, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தண்ணீரைக்கூட என்னைத்தான் எடுத்துத் தரச் சொல்லுவாள்.

கிளம்பும்போது மச்சான், "ஆவணி ஒண்ணாந்தேதி காலைல வந்தர்றேனுங்க மாமா. ரெடியா இருக்கச் சொல்லுங்க" என்றார். பைக் சத்தம் தெருமுனையில் கரையும்வரை அக்கா வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து, பட்டுச் சேலையைக்கூட மாற்றாமல் படுத்துத் தூங்கிவிட்டாள். நாய்க்குட்டியை அவளுக்குக் காட்ட நான் காத்திருந்தேன். அது அவள் காலடியில் போய்ச் சுருண்டுகொண்டது.

ஜூலை 18, வெள்ளி

குட்டி கிண்ணத்தில் பால் குடிக்கவில்லை. அக்கா இன்னும் தூங்குகிறாள். இரவெல்லாம் குட்டி அழுததால் கணக்கு வகுப்பில் நானும் தூங்கிவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

பசும்பால் சின்னக் குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று புத்தகம் சொல்கிறது. ஒத்துக்கொள்ளவில்லை. அடுக்களை, கூடம், புத்தகப் பை எல்லாவற்றையும் துடைத்தாயிற்று. அம்மா திட்டக்கூட இல்லை. அவளுக்குத் திட்டத் தெம்பில்லை.

இப்போது அக்காதான் குட்டிக்கு ஊட்டுகிறாள். சோற்றைக் குழைத்து, வடிகஞ்சியில் கரைத்து, விரல் நுனியில் தொட்டு நீட்டுகிறாள். கொஞ்சம் நக்குகிறது. மூச்சு வாங்குகிறது. மறுபடி நக்குகிறது. யாராவது பாத்திரத்தைக் கீழே வைத்தால்கூட அப்படியே தரையோடு தரையாக ஒட்டிக்கொள்கிறது.

"நீ இதுக்கு டாக்டரம்மா. நான் நர்ஸு" என்றாள் அக்கா. பழைய மாதிரிச் சிரித்தாள். கையை நீட்டியபோது முழங்கைக்கு மேலே நீலமாக இருந்தது. வரிசையாக நான்கு. என்னக்கா என்றேன். பஸ் கம்பியில் இடித்துக்கொண்டாளாம். ஆனால் அவர்கள் பைக்கில்தான் வந்தார்கள்.

இன்று விடியும் முன்பே எழுந்து வாசலைப் பெருக்கி, ஏற்கெனவே அம்மா தெளித்திருந்த இடத்தில் மறுபடி தண்ணீர் தெளித்தாள். பிறகு அடுக்களை வாசலில் நின்று, "அம்மா, டீ வெச்சுக் குடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "எதுக்குடி கேக்கற?"

"இல்லம்மா, சும்மா."

அம்மா வெகுநேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீ பொங்கி வழிந்தது.

ஜூலை 22, செவ்வாய்

குட்டி எழுந்து நிற்கவில்லை. மாலையில் அப்பா, நான், அக்கா மூவரும் கால்நடை மருந்தகத்துக்குப் போனோம். டாக்டர் குட்டியின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். தோல் மெதுவாகத்தான் கீழே இறங்கியது. ஊசி போட்டார்.

"எத்தனை நாள் குட்டி?"

"நாப்பது நாளுங்க" என்றார் அப்பா.

டாக்டர் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "தாய் நாய் உயிரோட இருக்குதா? பால் வத்தாம இருந்தா கொண்டுபோய் விட்ருங்க. இன்னும் ஒரு மாசம் கழிச்சு எடுத்துக்கலாம். மருந்தைவிட அதுதான் நல்லது."

புத்தகம் சொன்னது சரிதான் என்று ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது. குட்டியைப் பார்த்ததும் அது போய்விட்டது.

 வீட்டுக்கு வந்ததும் அப்பா முகம் கழுவிக்கொண்டு, "அதெல்லாம் ஆகாது" என்றார். "ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கோம். ஒரு வாரத்துல திருப்பி உட்டா அந்த ஊட்ல என்ன நினைப்பாங்க? தினமும் அவங்க மூஞ்சில முழிக்கறேன். ஒருக்கா கொண்டாந்தா கொண்டாந்ததுதான். நம்மளே பாத்துக்கலாம்."

"செத்துப் போயிருமுங்கப்பா" என்றேன்.

"வாய மூடு மது. எல்லாம் பழகிக்கும். போகப் போகப் பழகிக்கும்."

அக்கா கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். குட்டி அவள் மடித்த கைக்குள் இருந்தது. அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்த அக்காவின் முகங்களில் அது இல்லை.

ஜூலை 24, வியாழன்

ஊசிக்குப் பிறகு குட்டி கொஞ்சம் தலையைத் தூக்குகிறது. அவ்வளவுதான்.

அக்காவின் மாமியார் போன் செய்தார். படுத்திருந்தவள் எழுந்து நின்றுகொண்டு பேசினாள். போனில் பேசுபவர்களுக்கு நாம் நிற்பது தெரியாது. அதை அவளிடம் சொல்லலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை. "சரிங்கத்தை", "இல்லைங்கத்தை", "இனிமே செய்ய மாட்டேனுங்கத்தை." போனை வைத்த பிறகும் சற்று நேரம் நின்றுகொண்டே இருந்தாள்.

பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "உன்ற புஸ்தகத்துல, சீக்கிரமாப் பிரிச்சுட்டா அப்பறம் அதுக்கு என்ன ஆகும்னு போட்டிருக்குதா?" என்று கேட்டாள்.

எடுத்துப் படித்துக் காட்டினேன். அப்படி வளரும் குட்டிகள் சின்னச் சத்தத்துக்கும் மிரளும். அவசர அவசரமாகத் தின்னும். விளையாட்டுக் கடி எது, உண்மைக் கடி எது என்று அவற்றுக்குத் தெரியாமல் போகும். அதைக் கூடப்பிறந்த குட்டிகளோடு புரண்டுதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

"அப்பறம் சரியாகுமா?"

பொறுமையாகப் பழக்கினால் பெரும்பாலும் சரியாகும் என்று போட்டிருந்தது. எவ்வளவு காலம் ஆகும் என்று அவள் கேட்டாள். அந்தப் பக்கத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை. அடுத்த அத்தியாயம் தடுப்பூசி.

அக்கா கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது முடிவதற்குள் கல்யாணம் முடிக்க வேண்டும், தவறினால் இருபத்தாறு வரை கூடாது என்று ஜோசியர் சொன்னார். அப்பா அவசர அவசரமாக வைகாசியில் முடித்தார். இது குட்டியைப் பற்றிய குறிப்பு இல்லை. இன்று தோன்றியது, எழுதிவைக்கிறேன்.

ஜூலை 26, சனி

அம்மா மாவு கொடுக்கப் போயிருந்தபோது அக்கா பழைய மாம்பழக் கூடையில் துண்டு விரித்து, குட்டியைப் படுக்கவைத்து, "வா போலாம்" என்றாள்.

"எங்கக்கா?"

"கரட்டுப்புதூருக்கு."

அந்த ஊருக்கு ஒரே ஒரு டவுன் பஸ்தான். அது அப்பாவுடையது. அதை நினைவுபடுத்தினேன்.

"தெரியும். பஸ்ஸுல அவரு சத்தம் போடமாட்டாரு" என்றாள்.

உண்மைதான். பயணிகள் முன்னால் அப்பா கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அப்படி. சில்லறைக்குச் சண்டை போடுபவர்களிடம்கூட 'இருக்கட்டுமுங்க' என்பார்.

பஸ்ஸில் கூட்டம். அப்பா பின்னாலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தார். எங்களைப் பார்த்ததும் கை நின்றது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, "கரட்டுப்புதூர் ரெண்டு" என்றாள், யாரோ ஒரு கண்டக்டரிடம் சொல்வதுபோல.

எங்கள் பக்கத்தில் கீரைக்கட்டுகளோடு ஓர் அம்மா இருந்தார். "கூடைல என்ன சாமி, கோழியா?" என்றார். அப்போது பார்த்துக் குட்டி முனகியது.

"நாய்க்குட்டிங்க. அவங்கம்மாகிட்ட திருப்பி விடப் போறோமுங்க" என்றாள் அக்கா.

கீரைக்காரம்மா துண்டை விலக்கிப் பார்த்தார். "அட, பால் மறக்காத குட்டி! கண்ணு வேற சொருகுது பாரு. இதப் போயித் தாய்கிட்ட இருந்து புடுங்கிட்டு வந்திருக்கானே, எவன் அவன் அறிவுகெட்டவன்?"

முன் சீட்டிலிருந்து இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா துண்டை மறுபடி இழுத்து மூடினாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அப்பா பெண்களுக்கான இலவசச் சீட்டு இரண்டைக் கிழித்து அக்காவிடம் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க, உள்ள தள்ளி நில்லுங்க" என்று முன்னே போய்விட்டார்.

கரட்டுப்புதூரில் இறங்கினோம். கூடையோடு ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை அப்பா விசில் அடிக்கவில்லை. டிரைவர் ஹாரனை அடித்துப் பார்த்தார். அப்போதும் அடிக்கவில்லை.

தேவகி அக்கா எங்களைப் பார்த்ததும் சிரித்தார். "கொண்டு போன குட்டியத் திருப்பிக் கொண்டாந்தவங்க இந்த ஊர்லயே நீங்கதான். நான் அன்னிக்கே சொல்லலாம்னு பாத்தேன். உங்கப்பா ஆடி ஆடின்னு நின்னாரு, என்னத்தச் சொல்றது? உட்டுட்டுப் போங்க அம்மிணி. இங்க ஒரு குட்டி மிச்சமிருக்குது, அதோட சேந்து கெடக்கட்டும்."

தாய் நாய் மாட்டுக்கொட்டகையில் இருந்தது. ஏற்றுக்கொள்ளுமோ என்று எனக்குப் பயம். மனித வாசனை ஏறிய குட்டியைச் சில தாய்கள் ஒதுக்கிவிடும் என்று எங்கோ படித்திருக்கிறேன். அது வந்து மோந்தது. குட்டியைப் புரட்டிப் போட்டு வயிறு, காது, வால் என்று எல்லா இடத்திலும் நக்கியது. ஒரு தடவை எங்களைப் பார்த்து உறுமியது. பிறகு அலுத்துப்போனதுபோலத் தரையில் சாய்ந்து படுத்தது. குட்டி தானாகவே தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டது.

திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். அக்கா எழுந்திருக்கவில்லை. அந்த பஸ்ஸை விட்டுவிட்டோம். அடுத்த டிரிப்பையும்.

மாலையில் அப்பா வந்தார். அம்மா வெந்நீர் வைத்தாள். குளித்தார், சாப்பிட்டார். இலையை மடிக்கும்போதுதான் கேட்டார்: "குடிச்சுதா?"

"குடிச்சுதுங்கப்பா" என்றாள் அக்கா.

தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையில் அம்மா அக்காவுக்கு எண்ணெய் தேய்த்துவிட உள்ளே அழைத்துப் போனாள். அக்கா வேண்டாம் வேண்டாம் என்றாள். "சின்னப் புள்ளைல இருந்து நான்தான தேய்ச்சுவிடறேன், இப்ப என்ன புதுசா வெக்கம்?" என்று அம்மா இழுத்துக்கொண்டு போனாள். நான் வெளியே தலை வாரிக்கொண்டிருந்தேன். அம்மா ஏதோ சொல்வதும், சீயக்காய் தேய்ப்பதும், தண்ணீர் மொண்டு ஊற்றுவதும் கேட்டன. பிறகு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பள்ளி பஸ் வந்துவிட்டது. நான் போகும்வரை இருவரும் வெளியே வரவில்லை.

இன்று யாருக்கும் மாவு கிடைக்கவில்லை என்று மாலையில் பக்கத்து வீட்டு ருக்மணியம்மா சொன்னார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. புதுப்பெண்கள் எல்லோரும் ஆற்றுக்குப் போய்ப் புது மஞ்சள் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். அக்கா தலைவலி என்றாள். அம்மா வற்புறுத்தவில்லை. ருக்மணியம்மா இரண்டு முறை வந்து கேட்டார். "அவளுக்கு முடியலீங்க" என்று அம்மா இரண்டு முறையும் கதவைப் பாதி திறந்து சொன்னாள்.

அப்பா டூட்டியிலிருந்து வந்து சொன்ன ஒரே செய்தி: குட்டி இப்போது ஓடுகிறது. அவர் பஸ் திரும்பும் நேரத்தில் இறங்கிப் போய்ப் பார்க்கிறாராம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

குட்டிக்கு எட்டு வாரம் முடிந்துவிட்டது. இனி எடுக்கலாம். ஆனால் ஆடி இன்னும் முடியவில்லை. நான் கேட்கவில்லை. எனக்கே அலுப்பாக இருக்கிறது. காலாண்டுத் தேர்வுக்குப் படிக்க வேண்டும். வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை.

சாயங்காலம் பேசினார்கள். நான் கூடத்தில் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். அக்கா மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள்.

"ஒரு வாரத்துல மாப்பிள்ளை வந்துருவாரு. நான் அவளை அனுப்பமாட்டேன்" என்றாள் அம்மா.

"நீ நினைச்சாப்ல ஆயிருமா? கட்டிக் குடுத்து மூணு மாசம் முழுசா ஆகல. ஊர்ல நாலு பேரு என்ன கேப்பாங்க? பெரியவங்களை வெச்சுப் பேசிப் பாக்கலாம். கொஞ்சம் அனுசரிச்சுப் போனா..."

"நீங்க அவ முதுகப் பாக்கலீங்க. நான் பாத்தேன்."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"ஆடிக்குப் பயந்துட்டு ஒரு குட்டிய அவசரமாத் தூக்கிட்டு வந்தீங்க. திருப்பி விட்டோம். என்ன ஆச்சு? எவன் நம்மளக் கேட்டான்?"

"நாயும் நம்ம புள்ளையும் ஒண்ணா கனகு?"

"ஒண்ணில்லீங்க" என்றாள் அம்மா. "அதனாலதான் சொல்றேன்."

நான் வங்காள விரிகுடாவுக்கு நீலம் தீட்டிக்கொண்டே இருந்தேன். காகிதம் கிழியும் அளவுக்கு.

ஆகஸ்ட் 16, சனி

அக்கா பெட்டியில் துணி அடுக்கினாள். அடுக்கியதை எடுத்தாள். மறுபடி அடுக்கினாள். உதவி செய்யட்டுமா என்றேன். "வேண்டாம் கண்ணு" என்றாள். அப்பா நாளைக்கு லீவு சொல்லியிருக்கிறார். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. மச்சான் பத்து மணிக்கு வந்தார். தலைக்குக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஆப்பிள் பையோடு. அப்பா வரவேற்று நாற்காலியில் உட்காரவைத்தார். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். உள் அறையில் அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி. நான் இரண்டு அறைக்கும் நடுவில் நின்றேன்.

"கிளம்பலாமுங்களா மாமா?"

"பிருந்தா இப்ப வரலீங்க மாப்பிள்ளை" என்றார் அப்பா. பஸ்ஸில் பேசும் குரலில் பேசினார், சத்தமில்லாமல்.

"உடம்புக்கு ஏதாச்சுங்களா?"

"அவ முதுகை அவங்கம்மா பாத்துட்டாங்க."

மச்சான் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏதோ கோவத்துல... ஊட்டுக்கு ஊடு நடக்கறதுதானுங்க மாமா."

"இந்த ஊட்ல நடந்ததில்லீங்க."

"சரி, எப்ப அனுப்புவீங்க? ஊர்ல நான் என்னன்னு சொல்றது?"

"கேக்கறவங்ககிட்ட, மாமனாரு அவசரப்பட்டுட்டாருன்னு சொல்லுங்க. அது நெசந்தான். அவ எப்ப வர்றது, வர்றதா வேண்டாமாங்கறத அவதான் சொல்லோணும். நான் சொல்றதா இல்லீங்க."

மச்சான் எழுந்தார். "இது நல்லா இருக்காதுங்க. எங்கம்மாவக் கூட்டிட்டு வர்றேன். அப்பப் பேசுங்க."

"வாங்க. நான் இருப்பேன்" என்றார் அப்பா. அவர் கை மட்டும் நாற்காலி முதுகைப் பிடித்திருந்தது. 

காபி அப்படியே இருந்தது. ஆப்பிள் பையை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

யாருக்கும் சந்தோஷமாக இல்லை. ஒரு பெரிய பாரத்தைத் தூக்கிவைத்துவிட்டு எல்லோரும் மூச்சு வாங்குவதுபோல இருந்தது. அம்மா இலை போட்டாள். அக்கா உட்கார்ந்து சாப்பிட்டாள். முதல் இரண்டு வாய் வேகமாகச் சாப்பிட்டாள். பிறகு மெதுவாக. அப்பா பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, "ஆவணி பொறந்துருச்சு. குட்டியக் கூட்டிட்டு வந்துரலாமா?" என்று அவளிடம் கேட்டார்.

"நாளைக்குப் போலாமுங்கப்பா. அது அவங்கம்மாகூட இருக்கட்டும். எனக்குத் தூக்கமா வருது."

"சரி சாமி. எப்ப வேணாலும் போலாம்."

கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்தாள். நான் போர்வையை இழுத்துவிட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் ருக்மணியம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். அம்மா எழுந்திருப்பதற்குள் அப்பாவே வாசலுக்குப் போனார்.

"என்னுங்கண்ணா, மாப்பிள்ளை தனியாப் போறாரு? நம்ம பிருந்தா கெளம்பலையா?" தெரு முழுக்கக் கேட்கும் குரல் அவருக்கு.

"இல்லீங்க" என்றார் அப்பா. "தூங்கறா. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."